காற்று நிற்காத துப்பாக்கி

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகிறவர்கள் நடுவிலே இருக்கும் வள்ளியூரை அநேகமாகப் பார்ப்பதே இல்லை. சென்னையில் முதல் நாள் சாயங்காலம் ரயில் ஏறியவர்களுக்கு, வள்ளியூர் வரும் நேரம் விடியற்காலைத் தூக்கம் தித்திக்கிற நேரம். பஸ்ஸில் போகிறவர்களோ நாங்குநேரியைத் தாண்டியதுமே கன்னியாகுமரிக் கடலைப் பற்றி நினைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நெல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் ஓர் ஊர் இருக்கிறது. அங்கேயும் மனிதர்கள் காப்பி குடிக்கிறார்கள், கடை திறக்கிறார்கள், பிள்ளைகளை அதட்டுகிறார்கள் என்பது அவர்கள் ஞாபகத்துக்கு வருவதில்லை.

நேயர்களே, இந்தத் தடவை என்னோடு வள்ளியூரில் இறங்கிவிடுங்கள். பெரிய அதிசயம் எதையும் காட்டுவதாக நான் வாக்குக் கொடுக்கப் போவதில்லை. ஒரு கடைவீதி, ஒரு சைக்கிள் கடை, நாற்பது ரூபாய்க்குக் கைமாறிய ஒரு பழைய பிளாஸ்டிக் தண்ணீர்த் துப்பாக்கி, தூரத்திலே ஒரு மலை. இவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தத் துப்பாக்கிக்கும் அந்த மலைக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பிரயாணம்.

காற்றுக்குப் பஞ்சமில்லாத ஊர்

வள்ளியூருக்கு ரயில் வந்தது அப்படியொன்றும் பழைய காலத்தில் அல்ல. திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே ரயில் பாதை திறக்கப்பட்டது 1981-ம் வருஷத்தில்தான். ஊரோ மிகப் பழையது. குன்றைக் குடைந்து அமைத்த குகைக்குள் இங்கே முருகன் கோயில் கொண்டிருக்கிறான். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலங்களில் இதுவும் ஒன்று. வள்ளியின் பெயரால்தான் வள்ளியூர் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். இங்கே கோட்டை கட்டி ஆண்ட ஐந்து பாண்டிய சகோதரர்களின் கதை, 'ஐவர் ராஜாக்கள் கதை' என்ற பெயரில் தென்பாண்டி நாட்டுக் கதைப் பாடலாக வழங்கி வருகிறது.

மேற்கே பார்த்தால் மலைத்தொடர். அதில் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, அந்தக் கணவாய் வழியாக வெறுங்கையோடு இந்தப் பக்கம் ஓடி வருகிறது. மழையைக் கொண்டு வராவிட்டாலும் வேகத்தை விட்டுவிட்டு வருவதில்லை! அதனால்தான் பணகுடியைத் தாண்டி முப்பந்தல் வரைக்கும் ரஸ்தாவின் இரு பக்கத்திலும் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் கையை வீசிக்கொண்டு நிற்கின்றன. கொடியில் போட்ட புடவை அடுத்த தெருவுக்குப் போய்விடாமல் இருக்க, இந்தப் பக்கத்துப் பெண்மணிகள் ஒன்றுக்கு இரண்டாக கிளிப் மாட்டுகிறார்கள்.

இப்படிக் காற்றுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில், ஒரு துப்பாக்கிக்குள் மட்டும் காற்று நிற்க மாட்டேன் என்றது.

நாற்பது ரூபாய் வியாபாரம்

வைகாசி பிறந்த சமயம். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாட்கள் இருந்தன. நான் தங்கியிருந்தது என் பெரியம்மா மகள் வீட்டில். அவளுடைய பையனுக்கு எட்டு வயது. தாத்தா கொடுத்த காசைச் சேர்த்து வைத்து, இரண்டு வீடு தள்ளியிருக்கும் ஒரு பெரிய பையனிடம் நாற்பது ரூபாய்க்கு அந்தத் துப்பாக்கியை வாங்கியிருந்தான். பச்சையும் ஆரஞ்சுமாக ஒரு பெரிய பொம்மை. மேலே தண்ணீர் நிரப்ப ஒரு புட்டி, கீழே இழுத்துத் தள்ளுவதற்கு ஒரு கைப்பிடி. பத்துத் தடவை பம்பு அடித்துவிட்டு விசையை அழுத்தினால், எதிர் வீட்டுத் திண்ணை வரைக்கும் தண்ணீர் பாய வேண்டும். அதுதான் விற்றவன் சொன்னது.

பாய்ந்தது எவ்வளவு தூரம் என்கிறீர்கள்? பையனுடைய கால் கட்டைவிரல் வரைக்கும்!

ஞாயிற்றுக்கிழமை தெருப் பையன்களுக்குள் தண்ணீர்ச் சண்டை என்று ஏற்பாடாகியிருந்தது. அதற்கு இன்னும் இரண்டு நாள். விற்றவனோ, "வித்தது வித்ததுதாம்லே" என்று சொல்லிவிட்டான். மற்றப் பையன்கள், "ஏமாந்துட்டியே!" என்று ஆளுக்கு ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. பையன் அழவில்லை. அழுதிருந்தால் ஒரு மிட்டாயில் சமாதானம் செய்திருக்கலாம். அவன் வாசல்படியில் உட்கார்ந்து பம்பு அடிப்பதும், விசையை அழுத்துவதும், காலில் சொட்டுவதைப் பார்ப்பதுமாகவே இருந்தான்.

"அண்ணே, அதைத் தூக்கிப் போடச் சொல்லுங்க. போன காசு போனதுதான். இருக்கிற தண்ணிக் கஷ்டத்துல இது ஒண்ணுதான் குறைச்சல்!" என்றாள் தங்கை.

அவள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மலைக்கு இந்தப் பக்கம் மழை குறைந்த சீமை. குடத்துத் தண்ணீரின் அருமை தெரிந்த பெண்மணிகள் இருக்கும் ஊர். ஆனாலும் அந்தப் பையனுடைய முகத்தைப் பார்த்த பிறகு, "தூக்கிப் போடு" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "வாடா, கடைவீதிக்குப் போய் வருவோம்" என்று துப்பாக்கியையும் அவனையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அண்ணாச்சியின் தொட்டி

பொம்மைக்கு வைத்தியம் பார்க்கிற கடை எந்த ஊரில் இருக்கிறது? ஆனால் சைக்கிள் கடை இல்லாத ஊர் கிடையாது. காற்றை ஒரு பொருளுக்குள் அடைத்து வைப்பதையே பிழைப்பாகக் கொண்டவர் சைக்கிள் கடைக்காரர்தானே? ஆகையால் நேராக அங்கேயே போனோம். கடைக்கார அண்ணாச்சிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு நமஸ்காரம் போடலாம்.

"என்ன செய்யி இது?" என்று பையனைக் கேட்டார்.

"காத்து நிக்க மாட்டேங்கு, தாத்தா."

"எங்க வழியா போவுதுன்னு பாத்தியாலே?"

பையன் விழித்தான். அண்ணாச்சி துப்பாக்கியை நாலைந்து தடவை பம்பு அடித்து, பஞ்சர் பார்க்கும் தொட்டித் தண்ணீருக்குள் அப்படியே முக்கினார். புட்டியின் மூடியைச் சுற்றிக் கொப்புளம் கொப்புளமாகக் காற்று கிளம்பியது.

மூடியைக் கழற்றினால், உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வாஷர் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டி, மூடியின் அளவுக்கு வட்டமாகக் கத்தரித்து உள்ளே வைத்து இறுக்கினார். மறுபடியும் தொட்டியில் முக்கினார். மூடியில் கொப்புளம் நின்றுவிட்டது. பையனுக்கு வாயெல்லாம் பல். விசையை அழுத்தினான். தண்ணீர் முன்னைவிட ஓர் அடி கூடப் பாய்ந்தது. அவ்வளவுதான்.

"அவசரப்படாதலே, மக்கா. பெரிய ஓட்டையை அடைச்சாத்தான் சின்ன ஓட்டை எங்க இருக்குன்னு தெரியும்" என்றார் அண்ணாச்சி.

நேயர்களே, அன்றைக்குக் கேட்ட வார்த்தைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒழுகுகிற எந்தப் பொருளைப் பழுது பார்க்கிறவர்களும் சோர்ந்து போவது இந்த இடத்தில்தான். ஒன்றைச் சரி செய்த பிறகும் ஒழுகினால், 'நாம் செய்தது வீண்' என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடுகிறோம். முதல் ஓட்டை வழியாகக் காற்றெல்லாம் போய்க்கொண்டிருந்தபோது, இரண்டாவது ஓட்டை சத்தமில்லாமல் ஒளிந்துகொண்டிருந்தது என்பது தோன்றுவதில்லை.

இரண்டாவது இடம் பம்பு. கைப்பிடியை இழுத்துத் தள்ளும்போது எதிர்ப்பே இல்லாமல் வழவழவென்று போய் வந்தது. திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எங்கே இருந்தது என்று தெரியும்படி ஒரு காகிதத்தில் வரிசையாக வைத்தார். தண்டின் முனையில் ஒரு பள்ளம். பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம். ஓ-ரிங் என்று கடைகளில் சொல்வார்கள். உருண்டையாக இருக்க வேண்டிய வளையம் வெயிலிலும் வருஷக்கணக்கிலும் காய்ந்து, தட்டையாகப் போயிருந்தது. அப்படித் தட்டையாகிவிட்டால் குழாயின் சுவரை அது தொடாது. தொடாத இடுக்கு வழியாகக் காற்று திரும்பி வந்துவிடும். அண்ணாச்சி ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து, அளவு பார்த்துப் பார்த்து ஒரு வளையத்தைப் பொறுக்கினார். முதலில் எடுத்தது கொஞ்சம் தடிமன். தண்டு குழாய்க்குள் நுழையவில்லை. இரண்டாவது சரியாக உட்கார்ந்தது.

பக்கத்தில் கிரீஸ் டப்பா இருந்தது. நான் அதை எடுத்து நீட்டினேன். "அது வேண்டாம், தம்பி. எண்ணெய் பட்டா சில ரப்பர் ஊதிப் போயிரும்" என்று சொல்லி, அடுத்த கடையில், வீட்டுத் தண்ணீர் பில்டர் பழுது பார்க்கிறவரிடமிருந்து சிலிக்கோன் கிரீஸ் ஒரு பொட்டு வாங்கி வரச் சொன்னார். "முந்தி பம்புல தோல் வாஷர் இருந்திச்சு. அதுக்குத் தேங்காயெண்ணெய் போட்டா மெத்துன்னு ஆயிரும். தோலுக்கு ஒரு மருந்து, ரப்பருக்கு ஒரு மருந்து."

இப்போது பம்பு கனத்தது. காற்று உள்ளே போகிறது என்று கையே சொன்னது. ஆனால் என்ன ஆச்சரியம்! தள்ளிவிட்டுக் கையை எடுத்தால், கைப்பிடி பூனை மாதிரி மெல்ல மெல்லத் தானாகவே வெளியே வந்தது.

"இதாம் மூணாவது" என்றார் அண்ணாச்சி. பம்பிலிருந்து புட்டிக்குப் போகும் வழியில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் கதவு, வால்வு. உள்ளே போகும் காற்றுக்கு வழி விடும். திரும்பி வரும் காற்றைத் தடுத்துவிடும். அந்தக் கதவின் இடுக்கில் ஒரு மணல் பொடியும், கிணற்றுத் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்த ஒரு பொருக்கும் இருந்தன. கடுகில் பாதிகூட இல்லை! எலுமிச்சம் பழச்சாறு கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்துவிட்டு வரச் சொன்னார். அந்த அரை மணி நேரத்தில்தான் நாங்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நானும் எனக்குத் தெரிந்த கதையைப் பையனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

சிவிறியும் சூப்பர் சோக்கரும்

தண்ணீரைப் பீச்சி அடிக்கும் விளையாட்டு வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். பழந்தமிழில் அந்தக் கருவிக்குச் 'சிவிறி' என்று பெயர். வைகையில் புதுவெள்ளம் வந்தபோது மதுரை மக்கள் நீராடிக் களித்ததைப் பாடும் பரிபாடலில் சிவிறி வருகிறது. அதைச் சொல்லும்போதே நெய்யையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார் புலவர். உள்ளே போய் வரும் தண்டுக்கு ஒரு வழவழப்பு வேண்டும் என்பதை அந்தக் காலத்து ஜனங்கள் அறிந்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்றைக்கும் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகைக்கு வரும்போது, பக்தர்கள் ஆட்டுத்தோல் பையில் தண்ணீரை நிரப்பித் தோளில் மாட்டிக்கொண்டு, வழியெங்கும் பீய்ச்சி அடித்துக் குளிர்விக்கிறார்கள். கிராமத்துப் பையன்களோ ஒரு மூங்கில் குழாயும், துணி சுற்றிய ஒரு குச்சியும் கிடைத்தால் பீச்சாங்குழல் செய்துவிடுவார்கள். அந்தத் துணிச் சுற்றுதான் அங்கே வாஷர். நனைந்து ஊறினால் இறுகும்; காய்ந்தால் தளர்ந்துவிடும்.

காற்றை அடைத்து வைத்துத் தண்ணீரை வெகு தூரம் எறியும் இந்தப் புதுமாதிரித் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர் லானி ஜான்சன் என்ற அமெரிக்கக் கறுப்பின எஞ்சினீயர். அவர் பொம்மைக் கம்பெனிக்காரர் அல்ல. வியாழன் கிரகத்துக்குப் போன கலிலியோ விண்கலத்தில் வேலை செய்தவர்! 1982-ம் வருஷம், கெடுதல் செய்யும் வாயுவுக்குப் பதிலாகத் தண்ணீரைக் கொண்டு குளிர்சாதனம் செய்ய முடியுமா என்று வீட்டில் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். குளியலறைக் குழாயில் மாட்டியிருந்த மூக்கிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு அறையின் மறு கோடிக்குப் பாய்ந்தது. 'அடடா, இது நல்ல விளையாட்டுச் சாமானாயிற்றே!' என்று நினைத்தார்.

குழாய்த் துண்டுகளையும் பிளாஸ்டிக்கையும் கொண்டு ஒன்று செய்து, தம் ஏழு வயது மகள் கையில் கொடுத்தார். மற்றக் குழந்தைகளால் அவள் பக்கத்திலேயே நெருங்க முடியவில்லையாம். அது கடைக்கு வர எட்டு வருஷம் ஆயிற்று. 1990-ல் ஒரு பெயரிலும், 1991-லிருந்து 'சூப்பர் சோக்கர்' என்ற பெயரிலும் விற்று, உலகமெங்கும் பிள்ளைகளை நனைத்தது. இன்று நம் ஊர்த் தேர்க் கடைகளில் தொங்குகிற பம்புத் துப்பாக்கிகளெல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

அதன் தத்துவம் மிகவும் லேசானது. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றை அமுக்கலாம். இடத்தைப் பாதியாக்கினால் அமுக்கம் இரண்டு மடங்காகும் என்று ராபர்ட் பாயில் 1662-லேயே எழுதி வைத்துவிட்டார். அமுக்கிய காற்று விரியத் துடிக்கிறது. வழி கிடைத்ததும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறது. ஆகவே புட்டி நிறையத் தண்ணீரை ரொப்பினால் துப்பாக்கி சுடாது. மூன்றில் ஒரு பங்காவது காற்றுக்கு இடம் விட வேண்டும். பையன் இவ்வளவு நாளும் புட்டியைக் கழுத்து வரைக்கும் ரொப்பிக்கொண்டிருந்தான்!

மலை சொன்ன பாடம்

டீக்கடை வாசலிலிருந்து பார்த்தால் மேற்கே மலைகள் தெரிகின்றன. தென்மேற்கு மூலையில் இருப்பது மகேந்திரகிரி. அனுமார் கடலைத் தாண்ட எழும்பியது இந்த மலையிலிருந்துதான் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அனுமார் புறப்பட்ட இடத்தில் இப்போது வேறு சிலரைப் பறக்க ஆயத்தம் செய்கிறார்கள். இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின்களை எரித்துப் பரிசோதிக்கும் நிலையம் இந்த மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. 2014-ம் வருஷம் அது ஒரு தனி மையமாக ஆயிற்று.

"அங்கே என்ன செய்வாங்க, மாமா?" என்றான் பையன்.

"உங்க தாத்தா தொட்டியில் முக்கிப் பார்த்தாரே, கிட்டத்தட்ட அதுதான்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்னதல்ல. ராக்கெட் என்பது என்ன? அமுக்கத்தில் வைத்த திரவமும், அதைத் தள்ளும் வாயுவும், வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடுகிற வால்வுகளும்தானே? எங்கே ஒரு மயிரிழை ஒழுகினாலும் காரியம் கெட்டது. 2013-ம் வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் ஜி.எஸ்.எல்.வி. டி-5 ராக்கெட் புறப்படத் தயாராக நின்றது. மகேந்திரகிரியில் சோதித்த, நம் நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் எஞ்சின் அதன் உச்சியில் இருந்தது. கிளம்ப இன்னும் ஒரு மணி 14 நிமிஷம் இருக்கையில், இரண்டாவது கட்டத்தில் எரிபொருள் கசிவதைக் கண்டுபிடித்தார்கள். 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, விட்டுப் பார்ப்போம்' என்று ஒருவரும் சொல்லவில்லை. நிறுத்தினார்கள். ராக்கெட்டைக் கொட்டகைக்குத் திருப்பி எடுத்துப் போனார்கள். தொட்டியில் விரிசல் என்று கண்டு, அந்தக் கட்டத்தையே மாற்றினார்கள். தொட்டி செய்யும் உலோகத்தையும் மாற்றினார்கள். 2014 ஜனவரி 5-ந் தேதி அதே ராக்கெட் ஜம்மென்று கிளம்பி, ஜிசாட்-14 என்ற செயற்கைக்கோளை வானத்தில் கொண்டுபோய் வைத்தது.

நிறுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்திருக்கிறது. 1986 ஜனவரி 28-ந் தேதி அமெரிக்காவின் சாலஞ்சர் ஓடம் கிளம்பிய 73 வினாடியில் சிதறி, ஒரு பள்ளிக்கூட ஆசிரியை உள்பட ஏழு பேர் உயிர் துறந்தார்கள். காரணம், பக்கத்து ராக்கெட்டின் மூட்டில் இருந்த ரப்பர் வளையம். அந்தக் குளிர்ந்த காலையில் அது விறைத்துப்போய், இடுக்கை அடைக்கவில்லை. குளிரைப் பற்றி எஞ்சினீயர்கள் முதல் நாள் இரவே எச்சரித்தும், கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. பிற்பாடு நடந்த விசாரணையில் ரிச்சர்டு ஃபெய்ன்மன் என்ற மேதை, அந்த ரப்பரில் ஒரு துண்டை ஐஸ் தண்ணீர்த் தம்ளரில் போட்டு எடுத்து, அது விறைத்துப் போவதை எல்லாரும் பார்க்கக் காட்டினார்.

எத்தனை பெரிய யந்திரமானாலும் கடைசியில் ஒரு மெத்தென்ற வளையத்தை நம்பித்தான் இருக்கிறது. அண்ணாச்சியின் தகர டப்பாவில் கிடந்ததும், சாலஞ்சர் மூட்டில் இருந்ததும் ஒரே ஜாதி. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்பவர், வயதான காலத்தில், 1939-ல் அதற்கு அங்கே உரிமை வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை

அரை மணி கழித்துப் போனபோது, அண்ணாச்சி வால்வைக் கழுவி, ஊதிப் பார்த்து மாட்டிக்கொண்டிருந்தார். கடைசித் திருகாணியைப் பையன் கையாலேயே முடுக்க வைத்தார். பத்துத் தடவை பம்பு அடித்து, துப்பாக்கியைப் பலகையின் மேல் வைத்துவிட்டு, ஒரு சைக்கிளுக்குச் செயின் மாட்டப் போய்விட்டார். பத்து நிமிஷம் கழித்து வந்து, "இப்ப அழுத்துலே" என்றார்.

தண்ணீர் ரஸ்தாவைத் தாண்டி எதிர்க் கடையின் படியை நனைத்தது. எதிர்க் கடைக்காரர் போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது.

கூலி முப்பது ரூபாய். அதாவது, துப்பாக்கியின் விலையில் முக்கால் பங்கு! "புதுசு வாங்கியிருக்கலாமே?" என்று கணக்குப் பார்க்கிறவர்கள் கேட்கலாம். வாங்கியிருக்கலாம். புதுத் துப்பாக்கியும் அடுத்த வருஷம் வளையம் காய்ந்து ஒழுகும். அதையும் குப்பையில் போடலாம். அந்தப் பிளாஸ்டிக் மக்கிப் போவதற்குள் நம் பேரன் பேத்திகளின் காலமும் போய்விடும். ஆனால் எங்கே ஒழுகுகிறது என்று தேடிப் பார்க்கும் வித்தையை எந்தக் கடையில் முப்பது ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள்?

சண்டை நடந்தது. தங்கை போட்ட நிபந்தனையின்படி, ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர்தான். அதுவும் முருங்கைக்கும் வாழைக்கும் பாய்கிற கொல்லைப்புறத்தில்தான். வெற்றி யாருக்கு என்று தீர்ப்பாகவில்லை. அன்று சாயங்காலம் துப்பாக்கியை விற்ற அந்தப் பெரிய பையன் வந்து, வேறொரு பழைய துப்பாக்கியைக் காட்டி, "இது எங்க ஒழுகுதுன்னு பாத்துச் சொல்லுதியாலே?" என்று கேட்டான். நம் பையன் மூக்கில் இல்லாத கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, "தொட்டி கொண்டா" என்றான்.

அடுக்களையிலும் இதே கதைதான்

பெண்மணிகளுக்கு இதெல்லாம் புதிது என்று நான் நினைக்கவில்லை. குக்கர் விசில் வராமல் மூடியோரம் புஸ்ஸென்று ஆவி போனால், காஸ்கெட் வளையம் காய்ந்துவிட்டது என்று உங்களுக்கு உடனே தெரியும். பம்பு ஸ்டவ் இருந்த காலத்தில் அதன் தோல் வாஷருக்கு எண்ணெய் போட்டுச் சமைத்த மூதாட்டிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். அடிபம்பு தண்ணீர் எடுக்காவிட்டால், ஒரு செம்புத் தண்ணீரை மேலே ஊற்றி வாஷரை நனைத்துவிட்டு அடிப்பதும் இதே வைத்தியம்தான்.

ஆகையால் உங்கள் வீட்டுக் குழந்தை ஒழுகுகிற துப்பாக்கியோடு வந்து நின்றால், இப்படிச் செய்து பாருங்கள். முதலில் விசையை அழுத்தி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்ட பிறகே எதையும் கழற்றுங்கள். மூடியில் கொப்புளம் வந்தால் வாஷர். பம்பு கனக்காவிட்டால் தண்டின் வளையம். கைப்பிடி தானாக வெளியே வந்தால் வால்வில் தூசி. விசையைத் தொடாமலே மூக்கில் சொட்டினால் விசைக்குப் பின்னால் இருக்கும் அடைப்பான். வாளித் தண்ணீர் இல்லாவிட்டால் சோப்பு நுரையைத் தடவினாலும் ஓட்டை தெரியும். புட்டியே விரிசல் விட்டிருந்தால் பசை போட்டு ஒட்டிப் பம்பு அடிக்க வேண்டாம், அமுக்கத்தில் தெறிக்கும். அதற்கு விடை கொடுத்துவிடுங்கள். விளையாடி முடித்ததும் தண்ணீரையும் காற்றையும் வடித்து, வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். முகத்துக்கு நேரே அடிக்கக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வேகமாகப் பாயும் தண்ணீர் கண்ணுக்கு ஆகாது.

அடுத்த தடவை குமரி முனைக்குப் போகும்போது வள்ளியூரில் ஒரு வேளை தங்கிவிட்டுப் போங்கள். குகைக்குள் இருக்கும் முருகனைத் தரிசியுங்கள். காற்று வாங்குங்கள், அதற்குக் காசு கிடையாது. வீட்டில் ஒழுகுகிற சாமான் ஏதாவது இருந்தால், பெட்டியில் மறக்காமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்!